28 நாள் பணம் காட்டுவதும் 12 மாதம் பணம் இருப்பதும்: இங்கிலாந்து படிப்புக்கு ஒரு நேர்மையான கணக்கு

கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். திருச்செங்கோடு பக்கம் உள்ள தம்பி ஒருவர், வரும் செப்டம்பரில் இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே, ஒரு வருட எம்.எஸ்சி. சேரப் போகிறார். மொத்தக் கட்டணம் 18,000 பவுண்டு, அதில் 5,000 ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். கையில் எஃப்.டி. (வங்கி நிரந்தர வைப்பு) 6 லட்சம், டவுனில் சொந்த வீடு, கொஞ்சம் விவசாய நிலம், அம்மாவின் நகை. துபாயில் இருக்கும் தாய்மாமா 8 லட்சம் தருகிறேன் என்கிறார். கன்சல்டன்சிக்காரர் என்ன சொல்கிறார் என்றால், "28 லட்சத்தை உங்க அப்பா அக்கவுண்ட்ல 28 நாள் நாங்களே போட்டு வைக்கிறோம், 60,000 கொடுத்தா போதும், எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க." விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும் என்பது விதி, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இது சரியா, வேறு வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வேண்டாம் தம்பி. நீங்கள் சொன்ன விவரத்தை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு அது தேவையும் இல்லை, அதைக் கீழே கணக்கோடு காட்டுகிறேன். நான் கல்விக் கடன் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன். பணம் காட்டுவது எப்படி என்று கேட்டு வந்த குடும்பங்கள்தான் அதிகம், அந்த ஒரு வருடத்தை ஓட்டப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டு வந்தவர்கள் குறைவு. இரண்டாவது கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதினால் முதல் கேள்விக்கான காகிதம் அதிலிருந்தே வந்துவிடும்.

முதலில் விசாவுக்கு எவ்வளவு காட்ட வேண்டும் என்பதைப் பார்ப்போம். பிரிட்டன் மாணவர் விசாவில் இரண்டு தொகை சேரும். ஒன்று, முதல் வருடக் கட்டணத்தில் இன்னும் கட்டாமல் இருக்கும் பாக்கி. இன்னொன்று, வாழ்க்கைச் செலவு, அதிகபட்சம் 9 மாதத்துக்கு. இந்த மாதத் தொகை 2025 நவம்பர் 11 முதல் லண்டனுக்குள் 1,529 பவுண்டு, வெளியே 1,171 பவுண்டு. உங்களுக்கு 1,171-ஐ 9-ஆல் பெருக்கினால் 10,539. கட்டணப் பாக்கி 13,000. ஆக 23,539 பவுண்டு. ஒரு பவுண்டு 120 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம், 28 லட்சத்து 25 ஆயிரம். கன்சல்டன்சி சொன்ன 28 லட்சம் இங்கிருந்துதான் வந்தது. நீங்கள் கட்டிய 5,000 பவுண்டு உங்கள் சி.ஏ.எஸ். (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதிச் சான்று) விவரத்தில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏறாமல் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டு ஏற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முழு 18,000-மும் காட்ட வேண்டி வரும்.

இப்போது உண்மையான செலவு. படிப்பு 12 மாதம், விசா கேட்பது 9 மாதம். அந்த மூன்று மாத வித்தியாசத்தில்தான் நம் பிள்ளைகள் பலர் கஷ்டப்படுகிறார்கள். கட்டணம் 18,000. வாழ்க்கைச் செலவை அதே 1,171 கணக்கிலேயே 12 மாதத்துக்குப் போட்டால் 14,052. மருத்துவ வசதிக்கான கட்டணம் மாணவர்களுக்கு வருடத்துக்கு 776 பவுண்டு. ஒரு வருடப் படிப்புக்கு விசா ஒரு வருடத்தைத் தாண்டிச் சில மாதம் கூடுதலாகக் கொடுப்பதால் ஒன்றரை வருடத்துக்கு, அதாவது 1,164 வாங்குவார்கள். விசா கட்டணம் 500 பவுண்டுக்கு மேல். விமான டிக்கெட், குளிர் உடை, போய் இறங்கியதும் அறைக்குக் கொடுக்கும் முன்பணம் (இங்கிலாந்தில் சாதாரண வாடகை வீட்டுக்கு அதிகபட்சம் ஐந்து வார வாடகை) எல்லாம் சேர்த்து ஒரு 1,000 பவுண்டாவது. கூட்டினால் 34,700-க்கு மேல் போகிறது, நம் பணத்தில் கிட்டத்தட்ட 42 லட்சம். 28 லட்சம் என்று உங்களிடம் சொன்னவர் இந்த 42 லட்சத்தைச் சொன்னாரா? நீங்கள் கட்டிவிட்ட 6 லட்சத்தைக் கழித்தால்கூட இன்னும் 36 லட்சம் வேண்டும். 60,000 கொடுத்து 28 லட்சத்தைக் காட்டி விசா வாங்கினால், 29-ஆம் நாள் அந்தப் பணம் போய்விடும், 36 லட்சத் தேவை அப்படியே நிற்கும். செப்டம்பரில் போய் இறங்கி, ஜனவரியில் இரண்டாவது தவணைக் கட்டணம் கட்ட முடியாமல் பல்கலைக்கழகம் பெயரை எடுத்துவிட்டால் விசாவும் போய்விடும். அதுதான் நடக்கிறது, ஏஜெண்ட் அப்போது போன் எடுப்பதில்லை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விசா அதிகாரி ஸ்டேட்மெண்டில் கடைசி வரித் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. ஆறு மாதமாக 40,000, 60,000 என்று ஓடிக்கொண்டிருந்த ஒரு தறிக்காரர் கணக்கில் திடீரென்று ஒரு நாள் 28 லட்சம் வந்து ஒரு ரூபாய் அசையாமல் 28 நாள் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் கேள்வி வரும். வீடியோ நேர்காணலில் "அப்பா என்ன தொழில் செய்கிறார், மாதம் என்ன வருமானம், இந்தப் பணம் எப்படி வந்தது" என்று கேட்பார்கள். அங்கே நீங்கள் என்ன சொல்வீர்கள்? நிலம் விற்றோம் என்று சொன்னால் அது பொய், பொய் ஆவணமோ பொய்த் தகவலோ கொடுத்ததாக முடிவு செய்தால் விசா மறுப்பதோடு 10 வருடத் தடை வரும். அப்புறம் வேறு நாட்டு விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதும் "முன்பு எந்த நாட்டிலாவது மறுக்கப்பட்டதா" என்ற கேள்வி எதிரே வந்து நிற்கும். இதெல்லாம் போக, இந்த ஏற்பாட்டில் அப்பாவிடம் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை, ஏ.டி.எம். கார்டு, நெட் பேங்கிங் பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு தொழில் செய்கிற மனிதர் தன் கணக்கையே எழுதிக்கொடுப்பதுபோல் அது. அந்தக் கணக்கில் வேறு என்ன பணம் வந்து போனாலும் வருமான வரித்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் அப்பாதான்.

சரி, உங்களிடம் இருப்பதை வைத்து எப்படிச் செய்வது? வீட்டின் பேரில் ஒரு பொதுத்துறை வங்கியில் 25 லட்சம் கல்விக் கடன். எஃப்.டி. 6 லட்சம். மாமா 8 லட்சம். கூட்டினால் 39 லட்சம், தேவை 36. விசாவுக்குக் காட்ட வேண்டியது 28 லட்சத்து 25 ஆயிரம், அதில் கடன் 25 லட்சம் போக 3 லட்சத்து 25 ஆயிரத்தை எஃப்.டி.யே தாங்கும். யாருடைய பணத்தையும் 28 நாள் வாடகைக்கு எடுக்க வேண்டிய நிலைமையே உங்களுக்கு இல்லை.

கல்விக் கடனுக்கு ஒரு பெரிய வசதி, 28 நாள் விதி அதற்குக் கிடையாது. அங்கீகாரம் பெற்ற வங்கி கொடுத்த கடன் கடிதம், விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 6 மாதத்துக்குள் தேதியிட்டதாக இருந்தால் போதும். ஆனால் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம். உங்கள் பெயர் (பாஸ்போர்ட்டில் உள்ளபடியே), தேதி, தொகை, வங்கியின் பெயர், இது படிப்புக்கான கடன், கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் கிடைக்கும் என்பதெல்லாம் வர வேண்டும். "இன் பிரின்சிபிள்" என்று ஒரு கடிதம் கொடுப்பார்கள், அதாவது சொத்துப் பத்திரம் சரிபார்த்த பிறகு தருவோம், ஷூரிட்டி கையெழுத்தான பிறகு தருவோம் என்று நிபந்தனைகளோடு. அதை எடுத்துக்கொண்டு விசாவுக்குப் போகாதீர்கள். நிபந்தனை எல்லாம் முடிந்து, விசா கிடைத்ததும் பணம் விடுவிக்கப்படும் என்ற நிலையில் உள்ள இறுதி சாங்ஷன் லெட்டர் (கடன் ஒப்புதல் கடிதம்) வேண்டும். சொந்தச் செலவுக்கென்று எடுக்கும் பர்சனல் லோன் இந்த இடத்தில் செல்லாது.

வங்கிப் பக்கம் நடக்கும் வேலைக்குத்தான் நேரம் பிடிக்கும், அதனால் சி.ஏ.எஸ். வரட்டும் என்று காத்திருக்காமல் ஆஃபர் லெட்டரை வைத்தே ஆரம்பியுங்கள். பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை, அதற்கு மேல் சொத்து கேட்பார்கள். 4 லட்சத்துக்கு மேல் போனால் வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் உங்கள் பங்கு, அதை மார்ஜின் என்பார்கள். ஏற்கெனவே கட்டிய 5,000 பவுண்டு ரசீதை அதற்குக் காட்டலாம், மேனேஜரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், அவராகக் கேட்க மாட்டார். விவசாய நிலத்தைப் பெரும்பாலும் ஈடாக எடுக்க மாட்டார்கள், அதனால் டவுன் வீட்டையே கொடுங்கள். மூலப்பத்திரம், தாய்ப்பத்திரங்கள், பட்டா, பல வருடத்துக்கான வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம், இவ்வளவும் வங்கி வக்கீலிடம் போகும். வக்கீல் எங்கே நிறுத்துவார் தெரியுமா? தாத்தா பெயரில் இருந்த வீடு, தாத்தா இறந்த பிறகு வாரிசுச் சான்று வாங்காமல், அத்தைமார்களின் விடுதலைப் பத்திரம் எழுதாமல் அப்பா பெயருக்கு வாய்மொழியாக வந்திருக்கும். பட்டா மட்டும் அப்பா பெயரில் இருக்கும். அங்கே நிற்கும், ஒரு மாதம், இரண்டு மாதம். உங்கள் வீட்டுப் பத்திரத்தை இன்றைக்கே பீரோவிலிருந்து எடுத்து இதை மட்டும் பாருங்கள். மனை அங்கீகாரம் பெற்றதா என்றும் பாருங்கள், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இல்லாத மனை என்றால் சில வங்கி தொடவே தொடாது.

தனியார் நிதி நிறுவனங்கள் சொத்து இல்லாமலே இரண்டு வாரத்தில் கொடுக்கின்றன, அது உண்மை. வட்டி கூடுதல், படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை அல்லது அதில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வார்கள். பத்திரத்தில் சிக்கல் இருந்து செப்டம்பர் கைவிட்டுப் போகும் என்றால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம், அதுவும் ஈ.எம்.ஐ. கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு.

அந்தக் கணக்கையும் போட்டுவிடுவோம். 25 லட்சம், 10.5 சதவீத வட்டி என்று ஒரு உதாரணம். வருட வட்டியே 2 லட்சத்து 62 ஆயிரம். படிப்புக் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு வருடம் ஒன்றும் கட்டாமல் விட்டால் கடன் 30 லட்சத்தைத் தொட்டுவிடும், 10 வருடத்தில் திருப்ப மாதம் 40,000 ரூபாய்க்கு மேல் வரும். வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டி வந்தால் தவணை 33,700 அளவில் நிற்கும். இந்த 40,000-ஐ பவுண்டில் சம்பாதித்துக் கட்டிவிடலாம் என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள் தம்பி. படித்து முடித்ததும் வேலை தேட அங்கே கொடுக்கும் கிராஜுவேட் விசா இரண்டு வருடமாக இருந்தது, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். இந்த செப்டம்பரில் சேரும் நீங்கள் அதற்குள்தான் வருவீர்கள். அதன் பிறகும் தங்க வேண்டுமானால் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பு 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக உயர்ந்துவிட்டது, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சலுகை வரம்பே 33,400. கிடைக்காது என்று சொல்லவில்லை, உங்கள் துறையையும் உழைப்பையும் பொறுத்து நிச்சயம் கிடைக்கலாம். ஆனால் ஊருக்குத் திரும்பி வந்து கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வேலை பார்த்தாலும் இந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்று அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். முடியாது என்று தோன்றினால் கடனைக் குறைக்கும் வழியைப் பாருங்கள், அல்லது கட்டணம் குறைந்த பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது என்பதை அம்மா தினமும் நினைத்துக்கொண்டுதான் இருப்பார்.

இனி 28 நாள் விதி, கையில் காட்டும் பணத்துக்கு. உதாரணமாக, ஜூலை 3-ஆம் தேதி பணம் முழுவதும் கணக்கில் இருக்கிறது என்றால் ஜூலை 30 வரை ஒரு நாளும் தேவையான தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது. ஸ்டேட்மெண்டின் கடைசித் தேதியிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். ஒரு நாள் இறங்கினாலும் எண்ணிக்கை முதலிலிருந்து. இதில் எப்படி மாட்டுகிறார்கள் என்றால், தேவை 3,25,000 என்றால் சரியாக 3,25,200 போட்டு வைப்பார்கள். பத்தொன்பதாம் நாள் வங்கி லாக்கர் வாடகையையோ இன்சூரன்ஸ் பிரீமியத்தையோ தானாக எடுத்துக்கொள்ளும், இருப்பு 3,24,000-க்கு வந்துவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள், விசா மறுப்புக் கடிதத்தில்தான் தெரியும். அதோடு ரூபாயைப் பவுண்டாக மாற்றிப் பார்ப்பது நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் ஓஅண்டா என்ற இணையதளம் காட்டும் மாற்று விகிதப்படி. இன்று 120 இருக்கும் பவுண்டு அன்று 124 ஆனால் உங்கள் தேவை 94,000 ரூபாய்க்கு மேல் கூடிவிடும், கடன் பகுதியும் ரூபாயில்தானே இருக்கிறது. அதனால் மொத்தத் தேவைக்கு மேல் ஐந்து சதவீதமாவது கூடுதலாக வையுங்கள், உங்கள் விஷயத்தில் எஃப்.டி. 6 லட்சத்தையும் முழுவதாகக் காட்டிவிட்டால் பிரச்சினையே இல்லை. மற்ற வரவு செலவுக்கு வேறு கணக்கைப் பயன்படுத்தச் சொல்லுங்கள், தறிக் கூலிப் பட்டுவாடா இந்தக் கணக்கிலிருந்து போகவே கூடாது.

எஃப்.டி. என்றால் உடனே உடைத்து எடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். வரிச் சலுகைக்காகப் போட்ட ஐந்து வருட எஃப்.டி. செல்லாது, கடனுக்கு அடமானம் வைத்த எஃப்.டி.யும் செல்லாது. பி.எஃப்., எல்.ஐ.சி. சரண்டர் மதிப்பு, நகை மதிப்பீட்டுச் சான்று, நிலத்தின் மதிப்பு, ஷேர், ஓவர்டிராஃப்ட் இவற்றையெல்லாம் ஒரு ஃபைலில் கட்டி ஆடிட்டர் சான்றிதழோடு கொடுக்கிறார்கள், பிரிட்டன் விசாவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பணமாக, வங்கியில் இருக்க வேண்டும். ஊர் கூட்டுறவு சங்கத்திலோ அஞ்சலகத்திலோ போட்டு வைத்திருந்தால் முன்கூட்டியே ஒரு வணிக வங்கிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கு கணினியில் இருக்க வேண்டும், ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் இருக்க வேண்டும், அவர்கள் மெயில் போட்டுக் கேட்டால் சரிபார்க்க முடிய வேண்டும், அதுதான் அங்கே பார்ப்பது.

யாருடைய கணக்கில் என்பதும் முக்கியம். உங்கள் கணக்கு அல்லது பெற்றோர் கணக்கு. மாமா, சித்தப்பா, அண்ணன் யாருடைய கணக்கும் செல்லாது, அவர் எவ்வளவு வசதியானவராக இருந்தாலும் சரி, ஸ்பான்சர் கடிதம் எழுதிக் கொடுத்தாலும் சரி. மாமா தர நினைத்தால் அப்பா, அம்மா அல்லது உங்கள் கணக்குக்கு வங்கி வழியாக அனுப்பட்டும், "அன்பளிப்பாகத் தருகிறேன், திரும்பக் கேட்க மாட்டேன்" என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நெருங்கிய உறவினர் தரும் அன்பளிப்புக்கு இங்கே வருமான வரி கிடையாது, அம்மாவின் உடன்பிறந்தவர் அந்த வரையறைக்குள் வருவார். இது நேர்மையாக வந்து கையில் நிற்கும் பணம், யார் கேட்டாலும் தலை நிமிர்ந்து சொல்லலாம். ஆனால் என்னைக் கேட்டால், மாமா பணத்தை விசா ஃபைலில் சேர்க்கவே வேண்டாம், இரண்டாம் தவணைக்கும் கடைசி மூன்று மாதத்துக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் கணக்கைக் காட்டும்போது இரண்டு காகிதம் கூடச் சேர வேண்டும். உங்கள் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் சம்மதக் கடிதம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொந்தரவு தருவது இந்தப் பிறப்புச் சான்றிதழ்தான். பழைய சான்றிதழ் பலவற்றில் குழந்தையின் பெயர் இருக்காது, "ஆண்" என்று மட்டும் இருக்கும். பெயர் ஏற்றாமல் அது உங்கள் உறவுக்குச் சான்றாகாது, நகராட்சியிலோ பேரூராட்சியிலோ மனுக் கொடுத்துப் பெயரை ஏற்றுங்கள். அடுத்தது இனிஷியல். சான்றிதழில் அப்பா பெயர் வெறும் முருகேசன், வங்கியில் எஸ். முருகேசன், ஆதாரில் முருகேசன் சண்முகம், உங்கள் பாஸ்போர்ட்டில் வேறு எழுத்துக்கூட்டல் என்று நான்கு விதமாக இருக்கும். நமக்கு இது சாதாரணம், இனிஷியல் பழக்கமே இல்லாத ஊரில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு நான்கு வேறு ஆட்கள். வங்கி மேனேஜரிடம் கே.ஒய்.சி. திருத்தம் கொடுத்து ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். முடியாதவற்றுக்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் இருக்கட்டும். தமிழில் மட்டும் உள்ள காகிதத்துக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்க்க வேண்டும்.

சிலர் நிலத்தை விற்றுப் படிக்க வைப்பார்கள். அங்கே ஒரு எச்சரிக்கை. பத்திரத்தில் கைடுலைன் மதிப்புக்கு 12 லட்சம் என்று எழுதிவிட்டு மீதி 15 லட்சத்தை ரொக்கமாக வாங்குவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. அந்த 15 லட்சத்துக்குக் காகிதம் கிடையாது. அதை சேமிப்புக் கணக்கில் போட்டால், ஒரு வருடத்தில் 10 லட்சத்தைத் தொடும் ரொக்க வரவை வங்கி வருமான வரித்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதற்கே தடை இருக்கிறது, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். படிப்புக்காக நிலம் விற்பதாக இருந்தால் முழுத் தொகையையும் பத்திரத்தில் காட்டி, வங்கி வழியாக வாங்குங்கள். வாங்குபவர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது டி.சி.எஸ். என்று வங்கி ஒரு வரியை முன்கூட்டியே பிடிக்கும். 2025 ஏப்ரலில் இருந்து ஒருவர் பான் எண்ணில் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை அனுப்பினால் பிடித்தம் இல்லை, அதற்கு மேல் போகும் பகுதிக்கு உண்டு. கல்விக் கடனிலிருந்து வங்கி நேரடியாக அனுப்பினால் எவ்வளவு போனாலும் டி.சி.எஸ். கிடையாது. ஆகவே கட்டணத்தைக் கடனிலிருந்து அனுப்புங்கள், செலவுப் பணத்தை அப்பா, அம்மா இருவர் கணக்கிலிருந்தும் பிரித்து அனுப்பலாம். படிவத்தில் நோக்கம் "கல்வி" என்றே இருக்க வேண்டும். குடும்பப் பராமரிப்பு, அன்பளிப்பு என்று வங்கி ஊழியர் அவசரத்தில் போட்டுவிட்டால் வரம்புக்கு மேல் 20 சதவீதம் பிடிப்பார்கள். பிடித்தது வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது திரும்ப வரும், ஆனால் அந்த சமயத்தில் கையில் இருக்காது. பணத்தை எப்போதும் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேரடியாக அனுப்புங்கள், ஏஜெண்ட் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

பார்ட் டைம் வேலையைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் அனுமதி. 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 12.71 பவுண்டு, முழு 20 மணி நேரமும் கிடைத்தால் வாரம் 254. கிடைத்தால் சாப்பாடும் வாடகையில் பெரும்பகுதியும் தேறும், உண்மைதான். ஆனால் முதல் இரண்டு மூன்று மாதம் கிடைக்காமலும் போகலாம், எல்லா மாணவர்களும் அதே செப்டம்பரில்தான் வந்து இறங்குகிறார்கள். முதுகலை மாணவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆய்வறிக்கை எழுதும் காலமும் வகுப்புக் காலமாகத்தான் கணக்கு, கோடை விடுமுறை என்று நினைத்து முழு நேரம் வேலை பார்த்தால் விசா விதி மீறல். வரப்போகும் சம்பளத்தை விசாவுக்கு நிதியாகக் காட்டவும் முடியாது. எனவே உங்கள் 36 லட்சத் திட்டத்தில் இதைப் பூஜ்யம் என்றே வையுங்கள், வந்தால் வட்டிக்குக் கட்டுங்கள்.

அம்மாவின் நகையைத் தொடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். அது ஒரே நாளில் பணமாகும், பத்தாவது மாதம் ஏதாவது அவசரம் என்றால் அன்று வைத்துக்கொள்ளலாம். விசாவுக்காக இப்போதே நகைக் கடன் எடுத்து 28 நாள் போட்டு வைத்துவிட்டு, அப்புறம் வட்டி கட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

தங்கை ஜெர்மனி போக நினைக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அங்கே இந்த 28 நாள் விளையாட்டே கிடையாது. ஒரு வருடத்துக்கு 11,904 யூரோவைத் தடுக்கப்பட்ட கணக்கில் முன்கூட்டியே போட வேண்டும், போய்ச் சேர்ந்த பிறகு மாதம் 992 யூரோவாக அவருக்கே திரும்ப வரும். பணம் உண்மையிலேயே இருந்தாக வேண்டும் என்பதால் எனக்குப் பிடித்த முறை இது. கனடாவும் கிட்டத்தட்ட இப்படித்தான், ஜி.ஐ.சி. என்ற பெயரில் அங்குள்ள வங்கியில் வைப்பாகப் போடலாம், 2025 செப்டம்பர் முதல் தனி நபருக்குக் கட்டணமும் பயணச் செலவும் போக 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும். அமெரிக்காவில் ஐ-20 (மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) வாங்க பல்கலைக்கழகத்துக்கு முதல் வருடச் செலவைக் காட்ட வேண்டும், பிறகு தூதரக நேர்காணலில் சில நிமிடங்களில் முடிவு. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களாக இருந்தால் இதற்கெல்லாம் முன்பு தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும் மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகையையும் பாருங்கள், தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமலேயே கடன் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வேலை வரிசை இப்படி இருக்கட்டும். இந்த வாரம் வீட்டுப் பத்திரமும் பிறப்புச் சான்றிதழும், இரண்டிலும் குறை இருந்தால் அதைச் சரிசெய்யத்தான் அதிக நாள் ஆகும். அடுத்த வாரமே அப்பாவோடு வங்கிக்குப் போய், ஆஃபர் லெட்டர், 5,000 பவுண்டு ரசீது, மூன்று வருட வருமான வரிக் கணக்கு, மதிப்பெண் பட்டியல் எல்லாம் கொடுத்து வித்யாலட்சுமி என்ற கல்விக் கடன் இணையதளத்திலும் விண்ணப்பத்தைப் பதிவு செய்யுங்கள். கிளை மேனேஜர் தயங்கினால் மண்டல அலுவலகத்தில் கல்விக் கடன் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. ஜூன் கடைசிக்குள் சாங்ஷன் லெட்டர், ஜூலை முதல் வாரம் எஃப்.டி. சான்றும் கணக்கு இருப்பும் தயார், ஜூலைக் கடைசியில் சி.ஏ.எஸ். கையில் இருந்தால் ஆகஸ்ட் முதல் வாரத்தில் விண்ணப்பம். முடிவு வழக்கமாக மூன்று வாரத்தில் வரும். வருமான வரிக் கணக்கை அப்பா தாக்கல் செய்ததே இல்லை என்றால் அதைத் தனியாக எழுதுங்கள், விசைத்தறிக் குடும்பங்களில் அது அடிக்கடி நடக்கிறது. அந்த நிலையில் கடனுக்கு இணை விண்ணப்பதாரராக யாரைப் போடுவது என்று பார்க்க வேண்டும்.